கடன் வரலாறும் ஒரு பாத்திரக்கடை அண்ணாச்சியும்

திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி வந்து ஆறு வருடம் ஆகிறது. காரைக்குடிப் பக்கத்திலிருந்து கிளம்பி நாலு மாநிலம் சுற்றியாயிற்று. வங்கிக்காரனுக்கு ஊர் என்பது மாற்றல் ஆர்டரில் எழுதியிருப்பதுதான் :-) இந்த ஊரில் எனக்குக் கிடைத்த பெரிய ஆறுதல் சாலைக் கம்போளம். கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் அந்தக் கடைத்தெருவில் மலையாளம் ஒரு வார்த்தை பேசாமல் ஒரு கல்யாணத்துக்கே சாமான் வாங்கிவிடலாம். அப்படிப் பழக்கமானவர்தான் நம் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இருபத்தைந்து வருடமாக இங்கே பாத்திரக்கடை. பெயரை எழுதப் போவதில்லை. முருகன் என்று வைத்துக்கொள்வோம்.

2024 மே மாதம் ஒரு சாயங்காலம் கடைக்குப் போனபோது, கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு கற்றைக் காகிதத்தை எடுத்து நீட்டினார். "தம்பி, இதுல நான் கடன்காரன்னு போட்டிருக்கு. கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

மகளுக்குக் கோவையில் இன்ஜினியரிங் இடம். கல்விக் கடனுக்கு அப்பா கூட்டுக் கையெழுத்துப் போடவேண்டும். வங்கியில் அவருடைய கடன் அறிக்கையைப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்கள். அறிக்கையில் இரண்டு கறுப்புப் புள்ளிகள். ஒன்று, திருப்பித் தராமல் விட்ட இருசக்கர வாகனக் கடன். இன்னொன்று, 'செட்டில்டு' என்று முடிந்த ஒரு கிரெடிட் கார்டு. "சிபில் சரிபண்ணித் தர்றேன்னு ஒரு ஆளு வந்தான். ரெண்டையும் அழிச்சுத் தர்றானாம். பதினஞ்சாயிரம். பாதி கொடுத்திட்டேன்" என்றார்.

வெளியூரில் பிழைக்கிற நம்மில் பலருக்கு இது வந்திருக்கிறது, அல்லது வரப்போகிறது. ஆளை வைத்துச் சரிசெய்வதா, நாமே செய்வதா என்பதற்குப் பதில் சொல்லுமுன், இந்தக் காகிதம் எங்கிருந்து வந்தது என்ற கதையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். கதை தெரிந்தால் பதில் தானாக வரும்.

நம் மொழியில் காசுக்கும் நாணயம் என்றுதான் பெயர், சொன்ன சொல் தவறாமைக்கும் நாணயம் என்றுதான் பெயர். எங்கள் ஊர்ப்பக்கத்து நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் வட்டிக்கடை நடத்தியது இந்த இரண்டாவது நாணயத்தை வைத்துத்தான். ரங்கூனில் மாதம் ஒருமுறை கோயிலில் கூடி நடப்பு வட்டி எவ்வளவு என்று பேசி முடிவு செய்வார்கள். அதே கோயில் கூட்டத்தில்தான் யார் உண்டியலுக்கு மதிப்பு, யார் கைமாற்றில் இழுத்தடிக்கிறார் என்பதும் தெரிந்துவிடும். தனியாக ஒரு கடன் தகவல் நிறுவனம் வேண்டியிருக்கவில்லை. அங்கே பெயர் கெட்டால் சரிசெய்துகொள்ள ஒரே வழி, நாலு பேர் முன்னால் நின்று கணக்கைக் காட்டுவது.

ஊரறிந்த நாணயமும் சில சமயம் ஒரே நாளில் கவிழும். சென்னையில் அர்பத்நாட் கம்பெனி 1906 அக்டோபரில் கதவைச் சாத்தியபோது ஆயிரக்கணக்கானவர்களின் சேமிப்பு போயிற்று. சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்குப் போனார். அந்தச் சூட்டில்தான் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. இந்தத் திருவிதாங்கூரிலும் ஒரு கதை உண்டு. டிராவன்கூர் நேஷனல் வங்கியும் குயிலோன் வங்கியும் 1937இல் இணைந்தன. அடுத்த வருடம், 1938 ஜூனில், மூடிவிட்டார்கள். நடத்திய கே.சி. மாம்மன் மாப்பிள்ளை சிறைக்குப் போனார். திவான் சர் சி.பி. ராமசாமி ஐயரின் அரசியல் பகைதான் காரணம் என்று ஒரு கட்சி. வங்கியின் கணக்கே சரியில்லை என்று இன்னொரு கட்சி. எப்படியானாலும் பணம் போட்டவர்கள் தெருவில் நின்றார்கள். 1945இல் சமஸ்தான அரசின் ஆதரவில் டிராவன்கூர் பேங்க் தொடங்கியது. அதுதான் பிறகு ஸ்டேட் பேங்க் ஆஃப் டிராவன்கூர் ஆகி, 2017 ஏப்ரல் 1 அன்று ஸ்டேட் பேங்க் ஆஃப் இந்தியாவோடு கலந்தது.

தனி மனிதன் கவிழ்ந்தால்? 'மஞ்சள் கடுதாசி கொடுத்துட்டான்', 'ஐ.பி. போட்டுட்டான்' என்று ஊரில் சொல்வார்களே, அது சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களுக்கு 1909இலும் மற்ற இடங்களுக்கு 1920இலும் வந்த திவால் சட்டங்களின் புண்ணியம். நீதிமன்றம் இருக்கிற சொத்தை எடுத்துப் பங்குவைத்துவிட்டு ஆளை விடுவிக்கும். சட்டம் மறந்தாலும் ஊர் மறக்காது என்பது வேறு விஷயம்.

ஊர் பெரிதாகி, ஆளை ஆளுக்குத் தெரியாமல் போகும்போதுதான் காகிதம் தேவைப்படுகிறது. நியூயார்க்கில் லூயிஸ் டப்பன் என்று ஒரு பட்டு வியாபாரி. அடிமை முறையை எதிர்த்துப் போராடியவர். 1837 நிதி நெருக்கடியில் அவர்கள் கடையும் விழுந்தது. கடன் வாங்கியவன் எப்படிப்பட்டவன் என்று தெரியாமல் கொடுத்ததுதான் வினை என்று பார்த்தவர், 1841இல் மெர்க்கன்டைல் ஏஜென்சி என்று ஒன்றைத் தொடங்கினார். ஊர் ஊராக ஆள் வைத்து வியாபாரிகளைப் பற்றித் தகவல் சேகரித்துப் பேரேட்டில் எழுதி, சந்தா கட்டுகிறவர்களுக்கு மட்டும் சொல்வது. இதுவே வளர்ந்து 1933இல் டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் ஆயிற்று. சாதாரண ஜனங்களுக்கு 1899இல் அட்லான்டாவில் ரீடெயில் கிரெடிட் கம்பெனி வந்தது. மளிகைக் கடைகளில் விசாரித்து 'உடனே தருவார்', 'தாமதிப்பார்', 'ரொக்கம் மட்டும்' என்று குறிப்பு எழுதிப் புத்தகமாக விற்றார்கள். நம்மூர் அண்ணாச்சிகள் மனதில் வைத்திருக்கிற அதே லிஸ்ட்தான் :-) பின்னாளில் ஈக்விஃபாக்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது இந்தக் கம்பெனிதான்.

சிக்கல் என்னவென்றால், தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பது எழுதப்பட்டவனுக்கே தெரியாது. குடிப்பழக்கம், குடும்பச் சண்டை வரைக்கும் எழுதி வைத்திருந்தார்கள். பெரிய எதிர்ப்புக் கிளம்பி 1970இல் அமெரிக்கா சட்டம் போட்டது. உன் கோப்பைப் பார்க்க உனக்கு உரிமை உண்டு, தவறென்றால் மறுக்க உரிமை உண்டு. சரிசெய்யும் உரிமை அன்றைக்கே சம்பந்தப்பட்டவன் கைக்கு வந்துவிட்டது.

உரிமை வந்ததும் அதை விற்கிறவர்களும் வந்தார்கள். ஃபேர், ஐசக் என்ற இருவர் 1956இல் தொடங்கிய கம்பெனி 1989இல் எல்லோருக்கும் பொதுவான ஒரு மதிப்பெண்ணைக் கொண்டுவந்தது. எண் என்று வந்துவிட்டால் அதை உயர்த்தித் தருகிறேன் என்று சொல்லக் கேட்கவா வேண்டும்? முன்பணம் வாங்கிக்கொண்டு, சரியோ தப்போ எல்லாப் பதிவுகளையும் மறுத்துக் கட்டுக் கட்டாகக் கடிதம் போடுவது, வேறு அடையாள எண் வாங்கிப் 'புதுக் கோப்பு' தொடங்கச் சொல்வது என்று தொழில் செழித்தது. 1996இல் இதற்கென்றே தனிச்சட்டம். வேலை முடியுமுன் காசு வாங்கக்கூடாது, ஒப்பந்தம் போட்டு மூன்று நாளுக்குள் வாடிக்கையாளர் ரத்து செய்யலாம், 'இதை நீங்களே செய்துகொள்ள உரிமை உண்டு' என்று எழுதிக் கொடுக்கவேண்டும். அதற்குப் பிறகும் நின்றதா? லெக்சிங்டன் லா என்ற மிகப் பெரிய நிறுவனமும் அதன் கூட்டாளிகளும் சட்டவிரோதமாக முன்பணம் வாங்கிய வழக்கு 2023இல் 270 கோடி டாலருக்கும் மேலான தீர்ப்போடு முடிந்தது. அடுத்த ஆண்டு 43 லட்சம் பேருக்கு 180 கோடி டாலர் திருப்பித் தருவதாக அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு அறிவித்தது.

நம் நாட்டுக்கு வருவோம். 1994இல் ரிசர்வ் வங்கி, ஒரு கோடி ரூபாயும் அதற்கு மேலும் பாக்கி வைத்தவர்களின் பட்டியலை வங்கிகளுக்குள் பகிர ஏற்பாடு செய்தது. சின்ன மனிதர்கள் அதில் கிடையாது. 2000 ஆகஸ்டில் சிபில் பதிவானது. ஸ்டேட் பேங்கும் எச்.டி.எஃப்.சி.யும் ஆளுக்கு 40 சதம்; டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட்டும் டிரான்ஸ்யூனியனும் ஆளுக்கு 10 சதம். டப்பனின் பேரேடு மும்பைக்கு வந்து சேர 159 வருடம் ஆகியிருக்கிறது! தனிநபர் தகவல் சேவை தொடங்கியது 2004இல். இலங்கை இதில் நமக்கு முன்னோடி. அங்கே 1990இலேயே சட்டம் போட்டுக் கடன் தகவல் பணியகம் அமைத்துவிட்டார்கள். இங்கே கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம் 2005இல் நிறைவேறி 2006 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2010இல் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், ஹைமார்க் ஆகியவையும் அனுமதி பெற்றன. 300இலிருந்து 900 வரையிலான சிபில் மதிப்பெண்ணை முதலில் வங்கிகள்தான் பார்த்தன. 2011இல்தான் நாமும் பார்க்க முடிந்தது. 2017 ஜனவரி 1 முதல் நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும்.

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லவேண்டும். பி.காம். முடித்து நான் வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்தது இதெல்லாம் தொடங்கிய காலத்தில். கிளைகளைக் கணினிக்கு மாற்றும் அவசரம். பழைய லெட்ஜரைப் பார்த்து ஆயிரக்கணக்கான கணக்குகளை ராத்திரி உட்கார்ந்து ஏற்றுவோம். பிறந்த தேதி இல்லையென்றால் கணினி அடுத்த கட்டத்துக்குப் போகாது. என்ன செய்வோம்? ஜனவரி 1 என்று அடித்து, ஒரு வருடத்தைக் குத்துமதிப்பாகப் போட்டு நகர்ந்துவிடுவோம். அப்பா பெயருக்கு இனிஷியல் போதும். இந்தத் தகவல் ஒருநாள் மும்பைக்குப் போய் ஒரு மனிதனின் நாணயமாக உட்காரப் போகிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அண்ணாச்சியின் அறிக்கையைப் புரட்டியபோது அதுதான் கண்ணில் பட்டது. இருசக்கர வாகனக் கடன் 2014இல் எடுத்தது. முகவரி அவர் வாழ்நாளில் குடியிருக்காத ஊர். பான் எண் இல்லை. பெயர் அதே பெயர், இனிஷியலும் அதேதான். பிறந்த தேதி 1-1-1971. அண்ணாச்சியின் சான்றிதழிலும் 1-1-1971தான், ஏனென்றால் அவரைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வாத்தியாரும் எங்களைப் போலவே யோசித்திருக்கிறார்! நம் பக்கத்தில் இந்தப் பெயரில், இந்த இனிஷியலில், ஜனவரி ஒன்றாம் தேதி 'பிறந்த' எத்தனை பேர் இருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கை ஏற்றியது நான் இல்லை. ஆனால் நானாகவும் இருந்திருக்கலாம்.

கார்டு விஷயம் வேறு. அது அவருடையதுதான். 2020 ஜூலையில் இங்கே டிரிபிள் லாக்டவுன் போட்டபோது கடை மூடல். கார்டில் எடுத்த முப்பத்தோராயிரம் நின்றுபோயிற்று. 2021இல் வசூலுக்கு வந்தவர், "பன்னிரண்டாயிரம் கட்டுங்க, முடிச்சிரலாம்" என்றிருக்கிறார். இவரும் கட்டிக் கடிதம் வாங்கி, முடிந்தது என்று நினைத்துவிட்டார். வங்கிக் கணக்கில் 'முடிந்தது' வேறு, 'செட்டில்டு' வேறு. முழுதாகக் கட்டாமல் பேசித் தீர்த்தார் என்பதுதான் இரண்டாவதற்கு அர்த்தம். அடுத்து கடன் கொடுப்பவர் கண்ணில் அது முள்.

சரிசெய்ய வந்த ஆள் என்ன செய்தார்? அண்ணாச்சியின் போனில் வந்த ரகசிய எண்ணை வாங்கி உள்ளே போய், இரண்டு பதிவையும் 'என்னுடையது அல்ல' என்று மறுத்துப் போட்டார். கார்டு அண்ணாச்சியுடையது என்பதற்கு வங்கியிடம் கையெழுத்தே இருக்கிறது. அது திரும்பி வந்தது. வாகனக் கடனுக்கும் ஒரு ஆதாரமும் இணைக்கவில்லை. அதுவும் திரும்பி வந்தது. மீதிப் பணம் கேட்டு மட்டும் போன் வந்துகொண்டிருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, கடன் தகவல் நிறுவனம் தானாக ஒரு எழுத்தை மாற்றாது. கடன் கொடுத்த நிறுவனம் சொன்னால்தான் மாற்றும். இடையில் நிற்கிற ஆளுக்கு இரண்டு இடத்திலும் கதவு கிடையாது. நாம் போகிற அதே வாசலில்தான் அவரும் போகவேண்டும். மறுப்புப் பதிவு செய்யக் கட்டணமும் இல்லை. அமெரிக்காவில் இருப்பதுபோல இந்தத் தொழிலுக்கென்று தனிச்சட்டம் இங்கே இல்லை என்பதால், கொடுத்த காசைத் திருப்பிக் கேட்பதும் கஷ்டம்.

ஜூன் முதல் வாரம் நாங்கள் இருவரும் அவர் கடை மேல்மாடியில் உட்கார்ந்தோம். என் வங்கிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நான் யாருக்கும் போன் செய்யவும் இல்லை. இரண்டு பதிவையும் தனித்தனியாகப் பிரித்தோம். பொய்யானதற்கு ஒரு பக்கக் கடிதம்: இது என் கடனல்ல, என் பான் எண் இது, 2014இல் நான் இருந்த முகவரிக்கு இதோ கடை உரிமம், ரேஷன் கார்டு, கடன் விண்ணப்பத்தில் உள்ள கையெழுத்தையும் புகைப்படத்தையும் காட்டுங்கள். நகல் கடன் கொடுத்த நிறுவனத்தின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு, இன்னொன்று கடன் தகவல் நிறுவனத்துக்கு. மெய்யானதற்கு மறுப்பே போடவில்லை. விட்ட தொகைக்கு எவ்வளவு கட்டினால் 'முடிந்தது' என்று மாற்றுவீர்கள் என்று கார்டு வங்கியை எழுத்தில் கேட்டு, கட்டி, பாக்கியில்லாச் சான்று வாங்கினார். நிலை மாறியது. தாமதித்த மாதங்களின் சுவடு மாறவில்லை. அது நடந்ததுதானே. நடந்ததை அழிக்க எந்த ஆளாலும் முடியாது. அதன் மேல் ஒழுங்காகக் கட்டிய மாதங்கள் ஒவ்வொன்றாகச் சேரவேண்டும்.

வாகனக் கடன் நீங்க 34 நாள் ஆயிற்று. 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் உத்தரவிட்டு, 2024 ஏப்ரல் கடைசியில் அமலுக்கு வந்திருந்தது. 400 ரூபாய் கணக்கில் ஏறியது. அண்ணாச்சி போனை என்னிடம் காட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "என் பேரைக் கெடுத்து வச்சதுக்கு நாளுக்கு நூறு ரூவாயா தம்பி? அதுவும் முதல் முப்பது நாளுக்குக் கிடையாது, என்ன?"

எனக்குப் பதில் வரவில்லை.

அதற்குள் மகளின் முதல் வருடக் கட்டணம் கட்டும் தேதி வந்துவிட்டது. வீட்டம்மாவின் வளையலை அடகு வைத்துக் கட்டினார்கள். பெற்றோரின் மதிப்பெண்ணை வைத்துக் கல்விக் கடனை மறுக்கக்கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2020இலேயே ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. 2023இல் ஒரு மாணவருக்கு, அவருடைய மதிப்பெண்ணே குறைவாக இருந்தும், கடனை வழங்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போட்டது. அண்ணாச்சியிடம் சொன்னேன். "கோர்ட்டுக்கு நான் போயிட்டா கடைக்கு யாரு இருக்கது?" என்றார். இரண்டாம் வருடத்துக்குக் கடன் கிடைத்தது. வளையல் இன்னும் திரும்பவில்லை.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற நம் குடும்பங்களுக்கு இதிலிருந்து சில விஷயங்கள்:

பெயர் முதல் வம்பு. ரேஷன் கார்டில் 'எஸ். முருகன்', பாஸ்போர்ட்டில் 'முருகன் சுப்பையா', கேரளத்தில் 'முருகன் எஸ்.' மூன்றையும் ஒரே ஆளாகப் பார்ப்பதும், இரண்டு ஆளை ஒருவராகப் பார்ப்பதும் கணினிக்கு ஒன்றுதான். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள், பான் எண்ணை எங்கும் இணையுங்கள்.

மைத்துனருக்கோ நண்பருக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அதுவும் உங்கள் அறிக்கையில் இருக்கும். அவர் கட்டாவிட்டால் உங்கள் பெயரும் சேர்ந்தே விழும்.

துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போனால் ஊர்க் கணக்கு உங்களோடு வராது. அங்கே தனிப் பணியகம் உண்டு. சிங்கப்பூரில் 2002இலிருந்து, அமீரகத்தில் 2014இலிருந்து. ஊரில் விட்டுவந்த கார்டின் வருடக் கட்டணம் மட்டும் நீங்கள் இல்லாதபோதும் வளர்ந்துகொண்டிருக்கும். கிளம்புமுன் மூடி, மூடியதற்குக் காகிதம் வாங்குங்கள்.

வருடம் ஒருமுறை இலவச அறிக்கையை வாங்கிப் பாருங்கள். தவறு இருந்தால் எழுதுங்கள். 30 நாளில் பதிலில்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம். கடன் தகவல் நிறுவனங்களும் 2022 செப்டம்பர் முதல் அதன் கீழ் வருகின்றன. எழுதப் படிக்கச் சிரமம் என்றால் உதவிக்கு ஆள் வைத்துக்கொள்வதில் தப்பில்லை. ஒரு வக்கீலையோ கணக்கரையோ கடிதம் எழுதித் தரச் சொல்லி, எழுதியதற்குக் காசு கொடுங்கள். 'அழித்துத் தருகிறேன்' என்பவருக்குக் கொடுக்காதீர்கள். போனில் வரும் ரகசிய எண்ணை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால், வங்கிக் கதவு சாத்தினால் மனிதர்கள் அடுத்துப் போகும் இடம் எனக்குத் தெரியும். நம் ஊரில் கந்துவட்டி, இங்கே பிளேடு. 2003இல் தமிழ்நாட்டில் சட்டம் போட்டார்கள், 2014இல் கேரளத்தில் ஆபரேஷன் குபேரா என்று போலீசை இறக்கினார்கள். கதவு சாத்தப்பட்டதற்குக் காரணம் சில சமயம் ஒரு கிளார்க் ராத்திரி பதினோரு மணிக்கு அடித்த தப்பான தேதியாகக்கூட இருக்கும்.

போன வாரம் கடைக்குப் போயிருந்தேன். அண்ணாச்சி ஒரு பழைய வாடிக்கையாளருக்கு இரண்டு பித்தளைக் குத்துவிளக்கைக் கடனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். நோட்டில் எழுதிவிட்டு, எழுதியதை அவர் பக்கம் திருப்பி, "சரியா இருக்கான்னு பாத்துக்கிடுங்க" என்றார். வாடிக்கையாளர் பார்த்தார். தலையாட்டினார்.

இவ்வளவுதான் விஷயம். எழுதியதைத் திருப்பிக் காட்டவேண்டும். காட்டினால் நாம் படித்துப் பார்க்கவேண்டும்.

டிஸ்கி: இதில் இருப்பது என் சொந்தக் கருத்து. நான் வேலை பார்க்கும் வங்கிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மாற்றல் ஆர்டரில் கை வைத்துவிடாதீர்கள் :-)